பெரியாயி முழுகாமல் இருந்த கிரகணம்

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு மறுநாள் காலையில் சூரியனைப் பாம்பு விழுங்கப்போகிறது என்பது நமுனுகுல மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜீவராணிக்கு மட்டும் இன்னொரு செய்தியும் தெரிந்திருந்தது. அதை அவளே விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போலத் திரிந்துகொண்டிருந்தாள்.

அவள் முழுகாமல் இருந்தாள். கலியாணம் கட்டிய பிறகு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை, நாள் தள்ளிப்போன சேதி தெரிந்த அன்றே மாமியார் வள்ளியம்மை வரிசை வீடுகளான லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கல்கண்டு கொடுத்தாள். இரண்டாம் தடவை கல்கண்டோடு பேரீச்சம்பழமும் கொடுத்தாள். இரண்டு தடவையும், தின்ற இனிப்பு நாக்கை விட்டுப் போகுமுன்னே அதே வீட்டுப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, வயிற்றைப் பார்த்துப் பேசினார்கள்.

அந்தப் பார்வையை ஜீவராணியால் மறக்க முடியவில்லை. இந்த முறை மூன்று மாதம் கழிகிறவரை புருசன் கிருஷ்ணராஜையும், பதுளையிலிருந்து வரும் மருத்துவிச்சி ஹனா மிஸ்ஸியையும் தவிர ஒரு காக்கைக்கும் தெரியக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். கிருஷ்ணராஜ் பதுளையில் ஒரு பேக்கரியில் பாண் சுடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். வந்தாலும் தூங்குவான். ரகசியம் அவனிடம் பத்திரமாக இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தப் பாம்பு குறுக்கே வருகிறவரை.

அவள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிரகணம் பிடிக்கிற நேரத்தில் பிள்ளைத்தாச்சி வெளியே தலைகாட்டக்கூடாது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தால், ஏன் கிடக்கிறாள் என்று லயமே கேட்கும். கேட்ட வாயாலேயே பதிலையும் கண்டுபிடித்துவிடும். வேலைக்குப் போனால் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ தெரியாது. உள்ளே இருந்தால் ஊர்க் கண், வெளியே போனால் பாம்பின் கண்.

நத்தார் அன்று மாலை வள்ளியம்மை குசினியில் அருகம்புல்லைக் கிள்ளித் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ப் போத்தலிலும் போட்டுக்கொண்டே கிரகணத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

"நல்லையா கங்காணி காத பாத்திருக்கீங்கள்ல? ஓரத்துல ஒரு வாய் கடிச்சமாதிரி இருக்கும். அவங்க ஆத்தா கெரகணத்தன்னிக்கு வெண்டிக்கா நறுக்குனா. அம்புட்டுத்தான்."

"நா அவருகிட்டயே கேட்டேம்மா. சின்னப்புள்ளையில ஆடு கடிச்சிருச்சாம்" என்றாள் விதுஷா. அவள் ஜீவராணியின் நாத்தனார். பண்டாரவளையில் ஒரு போன் கடையில் வேலை, லீவுக்கு வந்திருந்தாள்.

"அந்த ஆட்ட அனுப்புனதே அந்த வெண்டிக்காதாண்டி."

விதுஷா சிரித்துக்கொண்டே போனை நோண்டினாள். "அண்ணி, இங்க கேளுங்க. நம்மளுக்குத்தான் பாம்பு. சீனாக்காரங்களுக்கு ட்ராகன் முழுங்குதாம், சட்டி பான எல்லாத்தையும் தட்டி வெரட்டுவாங்களாம். வியட்நாம்ல தவள முழுங்குதாம். கொரியாவுல நெருப்பு நாய் கடிச்சுப் பாக்குமாம், சுட்டுச்சுன்னா துப்பிட்டு ஓடிருமாம்."

"நாய்க்கு இருக்கற அறிவு பாம்புக்கு இல்ல பாரு" என்றாள் வள்ளியம்மை.

"நாளைக்கு யாழ்ப்பாணப் பக்கம் சூரியன் வளையல்மாதிரி தெரியுமாம். நம்ம பக்கம் கடிச்ச ரொட்டிமாதிரிதான்."

ஜீவராணி அரிசி புடைத்துக்கொண்டே, ரொம்பவும் அக்கறை இல்லாத குரலில் கேட்டாள்: "அந்த நாட்டுலல்லாம் புள்ளத்தாச்சிங்க என்ன செய்வாங்களாம்?"

"மெக்சிக்கோன்னு ஒரு நாடு. அங்க வயித்துக்கிட்ட சட்டையில ஒரு ஊக்கு குத்திக்கிட்டா போதுமாம். எங்கிட்டு வேணும்னாலும் போகலாமாம்."

ஜீவராணியின் முறம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆடியது.

வள்ளியம்மை பெருமூச்சு விட்டாள். "நம்ம வீட்ல புள்ளத்தாச்சியா கெடக்கு, கதவ சாத்திக்கிட்டு ஒக்கார? நீ பாட்டுக்கு மலைக்குப் போ ஜீவராணி."

மறுநாள் விடியுமுன்னே ஜீவராணி தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். வள்ளியம்மை கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்துத் தலைவலியைத் துரத்தினாள். கால் வலி என்று சொல்லிப் பார்த்தாள். தைலம் வந்தது. இன்னும் ஏதாவது சொன்னால் வாயில் விளக்கெண்ணெயை ஊற்றிவிடுவாள் என்று பயந்து, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போகிற போக்கில், கயிற்றில் காய்ந்த தன் பாவாடையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, யாரும் பார்க்காமல் வயிற்றுப் பக்கம் குத்திக்கொண்டாள். மெக்சிக்கோ எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்த ஊர்ச் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரட்டுக் களத்தில், ஆட்களை அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த மண் தரையில், பனி முழங்கால்வரை கிடந்தது. மேலே நமுனுகுல மலையே காணாமல் போயிருந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்று பாம்புக்கே யாராவது வழி சொன்னால்தான் உண்டு.

நல்லையா கங்காணி தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நேத்து லீவு. கொழுந்து முத்திப்போயி கெடக்கு. கெரகணம் அது இதுன்னு ஒருத்தரும் நிக்கக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. புள்ளத்தாச்சிங்க மட்டும் வீட்டுக்குப் போகலாம். யாரு யாரு, கைய தூக்குங்க."

ஜீவராணியின் கை தானாக எழுந்தது. தோள்வரை வந்ததும் பயந்துபோய், தலைத் துணியைச் சரிசெய்வதுபோல நடித்துவிட்டு இறங்கிக்கொண்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை விறைப்பாக உயர்ந்தது. பெரியாயியின் கை. ஐம்பத்தைந்தைத் தாண்டியவள். மகள் கொழும்பில், பேரன் பள்ளிக்கூடத்தில்.

"என்ன பெரியாயி, அட்ட கடிச்சிருச்சா?"

"கைய தூக்கச் சொன்னீங்க, தூக்குனேன்."

"புள்ளத்தாச்சியத்தான் தூக்கச் சொன்னேன்."

"அதுக்குத்தாங்க தூக்குனேன். சாமி குடுக்கறப்ப, வயசாச்சி வேணாம்னு திருப்பியா அனுப்ப முடியும்?"

களம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் வரிசையாக, கொழுந்து துளிர்த்ததுபோலக் கைகள். போன மாதம்தான் சமைந்து சடங்கு முடிந்த பிள்ளையின் கையைக்கூட அவள் அம்மா தட்டி இறக்கிவிட வேண்டியிருந்தது. அந்தக் கைக்காட்டுக்குள் ஜீவராணியும் தன் கையை நன்றாக, முழுசாக, ஆசை தீரத் தூக்கினாள். இத்தனை நாளாக மூடிவைத்திருந்த ஒன்றை ஊரறியச் சொன்னமாதிரி இருந்தது; யாருக்கும் தெரியவுமில்லை.

"அடிப்பாவிகளா! மொத்த கூட்டமுமா?" என்றார் கங்காணி.

"தோட்டத்துத் தண்ணி அப்படி கங்காணி!" என்று ஒருத்தி கத்தினாள்.

நல்லையா லேசுப்பட்டவரில்லை. "சரி. இன்னிக்கு ஹனா மிஸ்ஸி வர்ற நாள். ஒவ்வொருத்தரையும் பாக்கச் சொல்றேன். பொய் சொன்னவளுக்கெல்லாம் நாளையிலருந்து உச்சி மலைதான், அட்டைக்காட்டுல."

கைகள் பொலபொலவென்று விழுந்தன. ஜீவராணியின் கை மட்டும் ஒரு இமைப்பொழுது தாமதித்தது. பொய் சொன்னவள் இல்லையே அவள், அதனால் கைக்கு இறங்கத் தோன்றவில்லை. சுதாரித்துக்கொண்டு இறக்கியபோது, ஒரு ஜோடிக் கண்கள் அதைப் பார்த்துவிட்டன. பெரியாயியின் கண்கள்.

பார்க்கக்கூடாத கண் அந்தத் தோட்டத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இரண்டாவது முறை கலைந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் நடுவில் வள்ளியம்மை, "பெரியாயி கண்ணு பட்டுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பெரியாயி இன்னும் கையை இறக்கவில்லை.

"நா எறக்க மாட்டேன் கங்காணி. மிஸ்ஸி வந்து பாக்கட்டும். அதோட, இந்த வயசுல முழுகாம இருக்கறவளத் தனியா விட்டு, தலையச் சுத்தி விழுந்துட்டா தொரையா பதில் சொல்வாரு? தொணைக்கு ஒருத்தி வேணும். இந்தா, இந்த ஜீவராணிய விடுங்க. மத்தவளுக வந்தா பேசியே என்னைக் கொன்னுருவாளுக. இதுக்குத்தான் வாயே கெடையாது."

கங்காணி வானத்தைப் பார்த்தார். அங்கே பனிதான் இருந்தது. மொத்தக் கூட்டத்தையும் இழப்பதைவிட இரண்டு பேரோடு போவது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். "போய்த் தொலைங்க ரெண்டு பேரும். மிஸ்ஸிய கூட்டிட்டு வருவேன், பொய்யின்னா பாத்துக்க."

இருவரும் லயத்துக்குத் திரும்பினார்கள். பெரியாயி தன் ஒற்றை அறைக் காம்பராவின் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைச் செருகினாள். பாயை விரித்து ஜீவராணியை உட்காரவைத்தாள். பிறகு தான் சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியம்மா, என்ன செய்றீங்க?"

"ஒனக்குத்தான் பயமா இருக்கும்ல. நா இங்கிட்டே பாத்துக்கிட்டு ஒக்காந்துக்கறேன். தண்ணி கிண்ணி வேணும்னா சொல்லு, கைய பின்னால நீட்டித் தர்றேன்."

இருட்டில் ஜீவராணி அந்த முதுகையே பார்த்தாள். வருசக்கணக்காகக் கூடைக் கயிறு இழுத்து வளைந்த முதுகு. ஒரு பொய்யைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஊர் சிரிக்கக் கையைத் தூக்கிய மனுசி சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"இங்கிட்டுத் திரும்புங்க பெரியம்மா."

"வேணாம் தாயி. ஒங்க அத்த சொன்னது ஒருவேள நெசமா இருந்துட்டா?"

"திரும்புங்கன்னு சொல்றேன்ல." ஜீவராணி அவள் தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். பெரியாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பினாள். ஜீவராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தொறங்க. தொறந்து நல்லா பாருங்க. நீங்க பாத்துத்தான் என் புள்ள நெலைக்கும்."

பெரியாயி முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள். சந்தேகமாகத்தான் மற்றதையும் திறந்தாள். "எத்தன மாசம்?" என்று ரகசியமாகக் கேட்டாள். "பொங்கலோட மூணு முடியும்" என்றாள் ஜீவராணி. "அப்ப பொங்கல்வரைக்கும் நா முழுகாம இருக்கணும்போல" என்று சொல்லிவிட்டு, பெரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குமேல் கண்கலங்க அவகாசம் இல்லை. கதவு தட்டப்பட்டது.

வேறொன்றுமில்லை, உலக்கை கேட்டு வந்திருந்தார்கள். கிரகணம் பிடிக்கும்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் அது தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். அந்த லயத்தில் மிஞ்சியிருந்த ஒரே உலக்கை பெரியாயி வீட்டு உலக்கை. பனியில் சூரியன் தெரியாததால், கிரகணம் வந்ததா இல்லையா என்பதை அந்த உலக்கைதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாத கிழடுகளும் பிள்ளைகளும் வாசலில் கூடிவிட்டார்கள். கூட்டத்தின் பின்னால், வராதவள்போல வள்ளியம்மையும் நின்றாள்.

பெரியாயி கதவை ஒருக்களித்து, உலக்கையை வாசலுக்கு உள்ளேயே நிறுத்தினாள். அது நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த வெளிச்சக் கீற்றில் உள்ளே உட்கார்ந்திருந்த மருமகளை வள்ளியம்மை பார்த்துவிட்டாள்.

பேச்சில்லாத வீடு என்பதால் அவளால் நேராகக் கேட்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மகளைப் பிடித்தாள். "விதுஷா, எங்க வீட்டுப் பொண்ணு அங்க என்ன பண்ணுதுன்னு கேளு" என்றாள்.

"புள்ளத்தாச்சிக்குத் தொணைக்கு வந்திருக்குன்னு சொல்லு விதுஷா" என்றாள் பெரியாயி.

"எந்தப் புள்ளத்தாச்சின்னு கேளு."

"நாந்தான்னு சொல்லு."

வள்ளியம்மை மோவாயில் கை வைத்தாள். விதுஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சமாதானம் பண்ணுகிற நினைப்பில், "ஆப்பிரிக்காவுல ஒரு எடத்துல, சூரியனும் சந்திரனும் சண்ட போடறதுதான் கெரகணமாம். அன்னிக்கு மனுசங்கல்லாம் பழைய சண்டையப் பேசித் தீத்துக்குவாங்களாம்" என்றாள்.

"அந்த ஊர்ல தண்ணிக் கொழாயே கெடையாதுபோல" என்றாள் பெரியாயி.

அதற்குள் கங்காணி, ஹனா மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஹனா குடையை மடக்கி, கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஜீவராணியைப் பார்த்தாள். பெரியாயியைப் பார்த்தாள். அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மிஸ்ஸி, இந்தப் பெரியாயி முழுகாம இருக்கேன்னு சொல்லுது. நெசமா பொய்யா, ஒரே வார்த்த சொல்லுங்க" என்றார் நல்லையா.

"கங்காணி, ஒரு தாய்ட விசயத்த நான் இன்னொரு ஆளுக்குச் சொல்ல ஏலா. அது எங்கட வேலைக்குச் சரியில்ல. யாரப் பத்திக் கேட்டாலும் இந்தப் பதில்தான்."

வாசல் முழுவதும் ஒரே மூச்சாக மூச்சை உள்ளே இழுத்தது. பொய்யென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாளே! அப்படியென்றால்?

கங்காணி தன் கடிபட்ட காதைத் தடவிக்கொண்டு, "சாமி சத்தியமா நா வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன்" என்று முணுமுணுத்தபடி மலைப்பக்கம் நடையைக் கட்டினார்.

விதுஷாவுக்கு இன்னும் ஒரு நாடு பாக்கி இருந்தது. "மிஸ்ஸி, ஒங்கள்ல கெரகணத்துக்கு என்ன செய்வீங்க?"

"தொழுவம் மகள். சூரியனும் சந்திரனும் ஒரு ஆள் பொறக்குறதுக்காகவோ மௌத்தாகுறதுக்காகவோ மறையிறதில்லன்னு எங்களுக்குச் சொல்லித் தந்தீக்கி." ஹனா அதை விதுஷாவிடம் சொன்னாலும், கண் பாயில் இருந்தவளிடம் இருந்தது. ஜீவராணி வயிற்றுப் பக்கம் இருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாம்பு, ட்ராகன், தவளை, நாய் எல்லாமே இப்போது கொஞ்சம் தள்ளிப்போய் நின்றமாதிரி இருந்தது. ஆனாலும் ஊக்கைக் கழற்றவில்லை.

கிரகணம் எப்போது விட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. உலக்கை மாலைவரை நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கோழி தட்டிவிட்டுத்தான் விழுந்தது.

செய்தி மட்டும் நிற்கவில்லை. அடுத்த பிரிவுக்குப் போனது, கடைவீதிக்குப் போனது, பஸ் ஏறிப் பண்டாரவளைச் சந்தைக்குப் போனது. அங்கே மரக்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெரியாயியின் புருசன் ரெங்கசாமியிடம், "என்ன மாமா, இந்த வயசுலயும் விடலபோல" என்று யாரோ முதுகில் தட்டிக் கைகொடுத்தார்கள். ரெங்கசாமி முதலில் அடிக்கப் போனார். பிறகு யோசித்தார். சாயங்காலம் ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வீட்டுக்கு வந்து, புது மாப்பிள்ளைபோல நிலைப்படியில் நின்று, "நெசமாவா?" என்று கேட்டார்.

பெரியாயிக்கு அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் ரெங்கசாமியிடம் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் போடுவதும் ஒன்று. "வாய மூடிக்கிட்டு பேரிக்காய வச்சிட்டுப் போங்க" என்றாள். அதுவே அவருக்கு ஆமாம் என்று பட்டது.

கொழும்பிலிருந்து மகள் போனில் அழுதாள்: "அம்மா, எம் மாமியா வீட்ல எப்படிம்மா தலைநிமிந்து நடப்பேன்?" பெரியாயி அதையும் கேட்டுக்கொண்டாள். மலையில் பெண்கள் அவள் கூடையை வாங்கிச் சுமந்தார்கள். புளியங்காய், மாங்காய் வற்றல், அம்பரெல்லா என்று மசக்கைக்கு வந்ததில் பாதி, இருட்டுவதற்குமுன் ஜீவராணியின் மடிக்கு வந்து சேர்ந்தது. ஜீவராணி வாந்தி எடுத்தால்கூட, "பெரியாயியப் பாத்துப் பாத்து இதுக்கும் தொத்திக்கிச்சு" என்று சிரித்தார்கள்.

வள்ளியம்மைதான் வெந்து புழுங்கினாள். பொங்கல் முடிந்த மறுநாள், பானையைத் தேய்த்துக்கொண்டே வெடித்துவிட்டாள். "பேரப்புள்ள எடுத்த கெழவிக்கெல்லாம் சாமி கண்ணத் தொறக்குது. நம்ம வீடு அதுக்குத் தெரியமாட்டேங்குது." சொல்லிவிட்டுப் பானைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. தோள் மட்டும் குலுங்கியது.

அந்தக் குலுங்கலை ஜீவராணி அதற்குமுன் பார்த்ததில்லை. கல்கண்டு கொடுத்த கையையும், குழாயடியில் கத்திய வாயையும்தான் பார்த்திருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்த, பெரியம்மா முழுகாம இல்ல."

"அப்புறம்?"

"நாந்தான். நேத்தோட மூணு மாசம்."

வள்ளியம்மை நிமிர்ந்தாள். மூக்கில் கரி. வாயைத் திறந்தாள். ஜீவராணி பயந்துபோனாள், இந்தக் கத்தலுக்கு லயமே ஓடிவரும் என்று காதைப் பொத்தத் தயாரானாள். சத்தமே வரவில்லை. வள்ளியம்மை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். குசினிப் பூனையைக்கூட வெளியே துரத்திவிட்டு வந்து, காதோடு கேட்டாள்: "யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒங்க மகனுக்கு. மிஸ்ஸிக்கு. பெரியம்மாவுக்கு."

"அவளுக்கு மொதல்லயே தெரியுமா? தெரிஞ்சுதான் கைய தூக்குனாளா?"

"தூக்குனது வெளையாட்டுக்குத்தான் அத்த. என்னையப் பாத்தப்புறம் எறக்கல."

வள்ளியம்மை கரிக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஜீவராணி கதவிடுக்கால் பார்த்தாள். அங்கே பெரியாயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். அன்று கத்திய அதே இடம்தான்.

"பெரியாயி" என்றாள் வள்ளியம்மை. நேராகத்தான்.

எல்லாத் தலையும் திரும்பியது. குடம் நிரம்பி வழிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு இந்த எடத்துல நின்னு ஒங் கண்ணப் பத்தி ஒன்னு சொன்னேன். அது தப்பு. இத்தன பேர் முன்னால சொன்னேன், அதான் இத்தன பேர் முன்னாலயே சொல்றேன்." நிரம்பிய குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கிட்டே போய், குரலைத் தாழ்த்தி, பெரியாயிக்கு மட்டும் கேட்கிறமாதிரி எதையோ சொன்னாள்.

அது என்னவென்று ஜீவராணிக்குக் கேட்கவில்லை. பெரியாயியின் பதில் மட்டும் லயம் முழுவதற்கும் கேட்டது.

"இன்னும் ரெண்டு மாசமா? வெளையாடுறியா வள்ளியம்ம?" இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "அந்த மனுசன் கட்டுன நாள்லருந்து இல்லாம இப்பத்தான் தெனம் கையால ரொட்டி சுட்டுத் தர்றாரு. சரி, இருந்துட்டுப் போறேன். ஆனா ஒன்னு. புளியங்கா தின்னு தின்னு பல்லுக் கூசுது. நாளையிலருந்து எனக்குக் கோழிக் கொழம்புலதான் மசக்க. ஒங்க வீட்டுக் கோழிதான் வேணும், சொல்லிட்டேன்."

வள்ளியம்மை மறுபேச்சில்லாமல் கோழியைப் பிடிக்கப் போனாள்.